காலேஜ் வளாகக் குப்பை: மிஷினுக்கு முன்னாடி தராசு வாங்குங்க

நீங்க கேட்டது இது: சுமார் 4000 பேர் இருக்கிற வளாகம், பாதிக்கு மேல ஹாஸ்டல், குப்பைல என்னென்ன எவ்வளவு இருக்குனு ஆய்வு பண்ணி கம்போஸ்ட் மிஷின் வாங்கலாமா பயோகேஸ் போடலாமானு நிர்வாகத்துக்கு ஒரு மாசத்துல ரிப்போர்ட் குடுக்கணும், எங்க ஆரம்பிக்கறது.

முதல்ல அந்த "எத்தனை சதவீதம்" கேள்வியைக் கொஞ்சம் ஓரமா வைங்க. வளாகம் முழுக்க சேர்த்து ஒரே ஒரு வட்டப்படம் போட்டு மக்கும் குப்பை இவ்வளவு, பேப்பர் இவ்வளவு, பிளாஸ்டிக் இவ்வளவுனு காட்டினா பாக்க அழகா இருக்கும், ஆனா அதை வெச்சு ஒரு முடிவும் எடுக்க முடியாது, மிஷின் விக்கறவருக்குத்தான் அது உபயோகம். ஏன்னா வளாகத்துல ஒரே குப்பை கிடையாது. மெஸ் பின்வாசல்ல வர்றது வேற, ஹாஸ்டல் ரூம்ல இருந்து வர்றது வேற, கிளாஸ் ரூம் ஆபீஸ் வேற, கேன்டீன் டீக்கடை வேற, லேப் வேற, மரத்தடி சருகு வேற, குவார்ட்டர்ஸ் இருந்தா அது வீட்டுக் குப்பை மாதிரி இன்னொண்ணு. ஒவ்வொண்ணையும் தனித்தனியா எடை போட்டீங்கன்னாதான் எந்தக் கதவுல நின்னு யார்கிட்ட பேசணும்னு தெரியும். ஆய்வோட பாதி வேலை அதுதான்.

வெளிநாட்டுல இதைப் பண்ணினவங்க ரெண்டு பேரை உதாரணமா பாருங்க. மெக்சிகோவுல மெஹிகாலி ஊர்ல இருக்கிற பாஹா கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகத்துல ஒரு ஆய்வு, 2008ல வந்தது. ஒரு நாளைக்கு ஒரு டன் குப்பை வருது, அதுல 65 சதவீதத்துக்கு மேல மறுசுழற்சிக்குப் போகக்கூடியது இல்லன்னா கொஞ்சம் மெனக்கெட்டா போகக்கூடியதுனு கண்டுபிடிச்சாங்க. 2010ல கனடாவோட வடக்கு பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்து ஆய்வு வந்துச்சு, அங்க வாரத்துக்கு 1.2ல இருந்து 2.2 டன், அதுல 70 சதவீதத்துக்கு மேல குப்பைமேட்டுக்குப் போகாம தடுத்திருக்கலாம்னு சொன்னாங்க, முக்கியமான மூணு பொருள் பேப்பர், தூக்கிப்போடற பானக் கப்பு பாட்டில், மக்கற பொருள். இதையெல்லாம் மேற்கோளா போட்டுக்கோங்க, ஆனா நம்பரைத் தூக்கி நம்ம ஊருக்கு வெச்சுடாதீங்க. நம்ம வளாகத்துல மூணு வேளையும் சோறு, சாம்பார், ரசம், மோர், எல்லாம் தண்ணி. அதுக்கு மேல வேம்பு, புங்கன், தூங்குமூஞ்சி மரம்னு கொட்டற சருகு. எடைல இந்த ரெண்டும்தான் முன்னாடி நிக்கும்.

எடைனு சொன்னதும் இதைச் சொல்லிடறேன், நிறைய ரிப்போர்ட்ல விட்டுப்போற விஷயம். எடையை மட்டும் எழுதாதீங்க, கன அளவையும் எழுதுங்க. மெஸ் எச்சில் ஒரு டிரம் தூக்கவே ரெண்டு ஆள் வேணும், அதே டிரம்ல காலி டீ கப்பும் சிப்ஸ் பாக்கெட்டும் போட்டா ஒரு விரல்ல தூக்கிடலாம். ரிப்போர்ட்ல எடை சதவீதம் மட்டும் இருந்தா "பிளாஸ்டிக் கொஞ்சம்தான் சார்"னு முடிஞ்சுடும், ஆனா வண்டி ரொம்பறதும் தொட்டி வழியறதும் காத்துல பறந்து வேலியில சிக்கறதும் அந்தக் கொஞ்சம்தான். ஒரு அளவு தெரிஞ்ச டிரம்மை வெச்சுக்கிட்டு, ரொப்பி எடை போட்டீங்கன்னா அடர்த்தி வந்துடும், பெரிய வேலை இல்ல.

எப்படி சாம்பிள் எடுக்கறது? ஏஎஸ்டிஎம்ங்கற அமெரிக்கத் தர நிர்ணய அமைப்போட டி5231னு ஒரு முறை இருக்கு, ஊர்க் குப்பைக்காக எழுதினது, ஒரு சாம்பிள் 91ல இருந்து 136 கிலோ இருக்கணும்னு சொல்லும், ஒரு வாரமாவது தொடர்ந்து எடுக்கணும். வளாகத்துக்கு இதையே சின்னதா பண்ணிக்கலாம். தார்ப்பாயை விரிச்சு, அன்னிக்கு அந்த இடத்துல வந்த குப்பை மொத்தத்தையும் எடை போட்டுட்டு, கொட்டி நல்லா கலந்து, நாலு பாகமா பிரிச்சு, எதிரெதிர் ரெண்டு பாகத்தைத் தள்ளிட்டு மிச்சம் ரெண்டைத் திரும்பக் கலந்து, வேணுங்கற எடை வர்ற வரைக்கும் இப்படியே போகணும். ஆனா மெஸ் கழிவுக்கு இது வேண்டாம், அதைக் கலந்தா சகதிதான் மிஞ்சும், டிரம்மோட அப்படியே எடை போட்டா போதும். பத்துப் பன்னெண்டு வகைக்கு மேல பிரிக்காதீங்க, பிரிக்கற பசங்க களைச்சுப்போய் கண்டதையும் "இதர"ல போட ஆரம்பிச்சுடுவாங்க, அந்த "இதர" வீங்கிப்போச்சுனா ஆய்வே வீண். கையுறை, ஷூ, முகக்கவசம் எல்லாம் இருக்கணும், டெட்டனஸ் ஊசி போட்டிருக்காங்களானு கேட்டுக்கோங்க, ஹாஸ்டல் குப்பைல பிளேடு, உடைஞ்ச டியூப்லைட், சில சமயம் ஊசியே வரும்.

இன்னொரு நுணுக்கம், ஈரம் இடம் மாறும். சாம்பார் நனைஞ்ச டிஷ்யூ பேப்பரை "பேப்பர்" கணக்குல எழுதினா எடையும் பொய், மறுசுழற்சி ஆகும்ங்கறதும் பொய், பழைய பேப்பர் கடைக்காரர் அதைத் தொடக்கூட மாட்டார். அதனால பேப்பர்னு ஒரு வரி, நனைஞ்ச பேப்பர்னு தனியா ஒரு வரி. இந்த ரெண்டு வரிக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தைப் பாத்தாலே அந்தக் கட்டிடத்துல தரம் பிரிக்கறாங்களா இல்லையானு தெரிஞ்சுடும், தனியா கேள்வித்தாள் குடுத்து "நீங்கள் தரம் பிரிக்கிறீர்களா"னு கேக்கவே வேண்டாம், அதுக்கு எல்லாரும் ஆமான்னுதான் டிக் பண்ணுவாங்க.

சரி, தார்ப்பாய்ல வராத குப்பைன்னு ஒண்ணு இருக்கு, அதுதான் எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச பகுதி.

அட்டைப்பெட்டியும் நல்ல பெட் பாட்டிலும் உங்க தார்ப்பாய்க்கு வர்றதுக்கு முன்னாடியே காணாம போயிருக்கும், காலைல பெருக்க வர்ற அக்காங்க எடுத்து வெச்சு காயலான் கடையில போட்டுடுவாங்க. அவங்க சம்பளத்துக்கு மேல கிடைக்கிற சின்ன வருமானம் அது. நீங்க அதைக் கணக்குல எடுக்காம "எங்க வளாகத்துல மறுசுழற்சிப் பொருளே கம்மி"னு எழுதினா தப்பு, அதைவிட பெரிய தப்பு, அதைக் கண்டுபிடிச்சு ரிப்போர்ட்ல "மாதம் இவ்வளவு வருமானம் இழப்பு"னு எழுதி நிர்வாகம் டெண்டர் விட்டு அந்தக் காசை எடுத்துக்கறது. அதுக்கப்புறம் எந்த அக்காவும் பாட்டிலைத் தனியா எடுத்து வைக்க மாட்டாங்க, எல்லாம் கலந்து ஒரே மூட்டையா வரும், நீங்க எத்தனை கலர் தொட்டி வெச்சாலும் அவ்வளவுதான். அவங்ககிட்ட உக்காந்து பேசுங்க, எடுக்கறதை எடை மட்டும் போட்டுக்கறோம், பொருள் உங்களுதுதான்னு சொல்லுங்க, சொன்னபடி நடந்துக்கோங்க.

மெஸ் எச்சிலும் அப்படித்தான், பல இடத்துல பன்றி வளக்கறவங்க டிரம்ல எடுத்துட்டுப் போயிடுவாங்க, எந்த ரெஜிஸ்டர்லயும் இருக்காது. இந்தியாவுல 2020ல ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்ததுக்கப்புறம் வேகவைக்காத எச்சிலைப் பன்றிக்குப் போடறது நிஜமாவே ஆபத்தான விஷயம், அதனால எடுத்துட்டுப் போறவர் கொதிக்க வெச்சுப் போடறாரா, கீழ கொட்டிட்டுப் போறாரான்னு பாருங்க. சருகு பாதி நேரம் மதில் ஓரமா எரிஞ்சிருக்கும், எரிச்சுப்போனது உங்க தராசுக்கு வராது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பர்லயே திறந்தவெளில குப்பை எரிச்சா 5000 ரூபாய், மொத்தமா எரிச்சா 25,000 ரூபாய் அபராதம்னு சொல்லிடுச்சு, ஆனா தோட்டத்து வாட்ச்மேனுக்கு அது யாரும் சொல்லலை.

அப்புறம் சிவில் டிபார்ட்மெண்ட் இருக்கானு பாருங்க, இருந்தா லேபுக்குப் பின்னாடி போய்ப் பாருங்க. டெஸ்ட் பண்ணி நொறுக்கின 150 மில்லிமீட்டர் கான்கிரீட் க்யூப் மலை மாதிரி கிடக்கும், ஒண்ணு எட்டு கிலோ. ஒரு வாரத்து சாம்பிள்ல அது வராது, ஆனா வருஷக் கணக்குல பாத்தா டன் கணக்குல நிக்கும். கம்ப்யூட்டர் சென்டர்ல பூட்டின ரூம் ஒண்ணு இருக்கும், உள்ள பழைய மானிட்டர், சிபியு, யுபிஎஸ் பேட்டரி. ஸ்டாக் ரெஜிஸ்டர்ல இருக்கிறதால தூக்க முடியாது, பழசைக் கழிச்சுக்கட்டற (கண்டம் பண்ற) கமிட்டி கூடணும், அது எப்ப கூடும்னு கடவுளுக்கே தெரியாது. மின்கழிவு விதி பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்கிட்டதான் குடுக்கணும்னு சொல்லுது, காயலான் கடைல போட்டா அங்க ஒயரை எரிச்சுத்தான் செம்பு எடுப்பாங்க. இதுக்கு தராசு வேண்டாம், ஒரு தடவை எல்லா டிபார்ட்மெண்ட்டையும் சுத்தி லிஸ்ட் எடுத்தா போதும்.

காலண்டரும் முக்கியம். செமஸ்டர் நடுவுல ஒரு வாரம் எடுத்துட்டு அதை 52ஆல பெருக்கிடாதீங்க. லீவுல மெஸ் பாதி மூடிடும். கல்ச்சுரல்ஸ் நடக்கிற நாள்ல பிளாஸ்டிக் தலைகீழா மாறும். ஹாஸ்டல் காலி பண்ற வாரத்துல மெத்தை, பக்கெட், ரெக்கார்டு நோட்டு, கிழிஞ்ச பேக், பாதி சோப்புனு ஒரு வருஷக் குப்பை ஒரே வாரத்துல வரும். மாசி பங்குனில சருகு, ஐப்பசி கார்த்திகைல மழை ஊறின குப்பை, அதே பொருள்தான் ஆனா எடை எகிறிடும். உங்களுக்கு ஒரு மாசம்தான் டைம்ங்கறதால, எந்த மாசத்துல எடுத்தோம்ங்கறதை முதல் பக்கத்துலயே எழுதிடுங்க, வருஷக் கணக்குனு காட்டாதீங்க. தலைக்கு எவ்வளவுனு கணக்கு போடும்போதும் ஹாஸ்டல்காரங்களையும் வந்துபோறவங்களையும் ஒண்ணா வகுக்காதீங்க, ஒருத்தர் மூணு வேளை சாப்பிட்டுத் தூங்கறவர், இன்னொருத்தர் டிபன் பாக்ஸோட வந்து பஸ் புடிக்கறவர்.

இப்ப மெஸ்ஸுக்கு வருவோம், நேரம் இருந்தா உங்க ஆய்வுல பாதியை இங்கயே போடுங்க. மெஸ் கழிவை மூணா பிரிச்சு எடை போடணும்: சமைக்கறதுக்கு முன்னாடி வர்ற காய்த்தோல் தண்டு, சமைச்சு யாரும் வாங்காம மிஞ்சினது, தட்டுல வாங்கி மிச்சம் வெச்சது. மூணுக்கும் காரணம் வேற, வைத்தியமும் வேற. காய்த்தோல் இருக்கத்தான் செய்யும், அது சுத்தமான பொருள், உப்பு எண்ணெய் இல்லாதது, மாட்டுக்குப் போடலாம், உரத்துக்கு முதல்தரம். பாத்திரத்துலயே மிஞ்சறது தலைக்கணக்கு தெரியாததால வர்றது. ஞாயித்துக்கிழமை ராத்திரி பாதிப்பேர் வெளிய போறாங்கனு எல்லாருக்கும் தெரியும், ஆனா ஒப்பந்தம் தலைக்கு இவ்வளவுனு இருக்கிறதால காண்ட்ராக்டர் முழுக் கணக்குக்கே உலை வைப்பார், குறைஞ்சு போச்சுனா சண்டை வரும்னு பயம் வேற. முந்தின நாள் ராத்திரியே யார் சாப்பிட மாட்டோம்னு சொல்றாங்களோ அவங்களுக்கு மெஸ் பில்லுல கழிக்கறோம்னு ஒரு ஏற்பாடு வந்தா இது சட்டுனு இறங்கும். அது வார்டன் ஆபீஸ்ல எடுக்கவேண்டிய முடிவு, எந்த கம்போஸ்ட் மிஷினும் அதைப் பண்ணாது.

தட்டுல மிஞ்சறதுக்கு காரணம் பரிமாறற கரண்டி. கேக்காமயே பெரிய கரண்டில கொட்டிட்டுப் போனா மிஞ்சத்தான் மிஞ்சும். சின்னக் கரண்டி வெச்சு, எத்தனை தடவை வேணா வாங்கிக்கலாம்னு விட்டுப்பாருங்க, ஒரு வாரம் முன்னாடி ஒரு வாரம் பின்னாடி எடை போட்டா உங்க ரிப்போர்ட்லயே ரொம்ப கனமான பக்கம் அதுவாத்தான் இருக்கும். கை கழுவற இடத்துல "இன்று வீணான உணவு இத்தனை கிலோ"னு போர்டு வைக்கறது பரவால்ல, முதல் ரெண்டு வாரம் பாப்பாங்க, அப்புறம் சுவரோட சுவரா ஆயிடும். நான் கரண்டி பக்கம்தான். எந்த அயிட்டம் அதிகமா மிஞ்சுதுனும் எழுதி வைங்க, ஏன்னா உப்புமா போடற நாள் டிரம் எடையை வெச்சே கண்டுபிடிச்சுடலாம்.

இவ்வளவு குறைச்சதுக்கப்புறம் மிஞ்சறதுக்குத்தான் கம்போஸ்ட்டா பயோகேஸாங்கற கேள்வி. இந்த வரிசையை மாத்தி முதல்ல மிஷின் வாங்கினா, பெரிய மிஷினா வாங்கிட்டு அதுக்குத் தீனி போட குப்பை உண்டாக்கற நிலைமை ஆயிடும்.

பயோகேஸ் பத்தி ஆசை இருக்கிறது புரியுது. ஒரு டன் உணவுக் கழிவுக்கு சுமாரா 100 கனமீட்டர் எரிவாயு எதிர்பாக்கலாம், ஒரு கனமீட்டர் கிட்டத்தட்ட 0.45 கிலோ எல்பிஜிக்கு சமம், அப்ப ஒரு டன்னுக்கு 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் ரெண்டுக்குக் கொஞ்சம் மேல. 200, 300 கிலோ கழிவு வர்ற இடத்துல ஒரு நாளைக்கு அரை சிலிண்டர் மிச்சம், கேவலம் இல்ல. ஆனா அது வயிறு மாதிரி, தினம் அளவா போட்டுக்கிட்டே இருக்கணும். லீவுல பட்டினி போட்டா உள்ள இருக்கிற பாக்டீரியா சோர்ந்துடும், காலேஜ் திறந்த அன்னிக்கு ஒரேயடியா கொட்டினா அமிலம் ஏறி பிஹெச் 6.5க்குக் கீழ போய் மீத்தேன் நின்னுடும், அப்புறம் சாணி கரைச்சு ஊத்தி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். எலும்பு, முட்டை ஓடு, எலுமிச்சைத் தோல், ஸ்பூன் எல்லாம் உள்ள போகக்கூடாது. வெளிய வர்ற கரைசலை எங்க விடறதுனு முன்னாடியே யோசிச்சிருக்கணும். பல வளாகத்துல கேஸ் பிளான்ட் துருப்பிடிச்சு நிக்கறதுக்கு டெக்னாலஜி காரணம் இல்ல, லீவுல அதைப் பாத்துக்க ஆள் இல்லாததுதான்.

உங்க அளவுக்கு எனக்கு சருகோட சேர்ந்த கம்போஸ்ட்தான் சரியாப் படுது. சோத்துல நைட்ரஜன் அதிகம், கார்பன்-நைட்ரஜன் விகிதம் 15 பக்கம் நிக்கும், சருகுல 40, 50, அதுக்கு மேலயும் போகும், ரெண்டையும் கலந்து 25ல இருந்து 30க்குள்ள கொண்டுவரணும். கணக்கே போடாம, கன அளவுல ஒரு பங்கு எச்சிலுக்கு ரெண்டு மூணு பங்கு சருகுனு ஆரம்பிங்க. கைல புடிச்சுப் பிழிஞ்சா ரெண்டு சொட்டு தண்ணி வரணும், ஒழுகினா சருகு போதலைனு அர்த்தம், நாத்தமும் அப்பத்தான் வரும். குவியல் உள்ள 55 டிகிரி ஏறி மூணு நாளாவது நிக்கணும், அப்பத்தான் கிருமியும் களை விதையும் சாகும். மாசி பங்குனி சருகை மூட்டை கட்டி வெச்சுக்கணும், ஏன்னா மழைக்காலத்துலதான் அது ரொம்பத் தேவைப்படும். மேல தகரக் கூரை கட்டாயம், கூரை இல்லாத குழி கார்த்திகைல கூழாயிடும். எரிச்சுக்கிட்டிருந்த சருகுக்கும் வேலை கிடைச்சுடும் பாருங்க.

"24 மணி நேரத்துல உரம்"னு விக்கற மிஷினைப் பத்தி ஒண்ணே ஒண்ணு. பல மிஷின் சூடு பண்ணி அரைச்சுக் காய வைக்குது, வெளிய வர்றது காஞ்ச சோறு, உரம் இல்ல. தண்ணி தெளிச்சு ரெண்டு நாள் விட்டா திரும்ப நாறும், பூஞ்சை பிடிக்கும், அதைச் செடிக்குப் போட்டா வேர் வெந்துடும். டெமோ குடுக்கும்போது அந்தப் பொடியை ஒரு டப்பால வாங்கிட்டு வந்து ஈரம் பண்ணிப் பாருங்க. கரண்ட் பில் யார் கட்டறதுனும் கேளுங்க.

காஞ்ச குப்பைல என் கண்ணுக்கு முதல்ல படறது டீ கப். தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1ல இருந்து தடை பண்ணின பொருள் பட்டியல்ல பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்பும் இருக்கு, ஆனா வளாகத்துக்குள்ளயே மீட்டிங்குக்கு மீட்டிங் அதுலதான் டீ வருது. பேப்பர்னு நினைச்சு மக்கற தொட்டில போடறாங்க, பூச்சு மக்காது, உரத்துல சவ்வு சவ்வா நிக்கும். இதுக்கு விழிப்புணர்வு ஊர்வலம் எல்லாம் வேண்டாம், கேன்டீன் ஒப்பந்தத்துல ஸ்டீல் டம்ளர், கண்ணாடி டம்ளர்னு ஒரு வரி சேத்து, கழுவற ஆளுக்கான காசையும் அதுல சேத்துட்டா முடிஞ்சது. அதே மாதிரி பாட்டில் தண்ணிக்குப் பதிலா ஒழுங்கா ஓடற குடிநீர்க் குழாய். வேலை செய்யாத ஆர்ஓ மிஷின் எங்க இருக்கோ அதுக்குப் பக்கத்துத் தொட்டில பெட் பாட்டில் அதிகமா இருக்கும், உங்க டேட்டாவுல இதைத் தேடிப்பாருங்க.

பெண்கள் ஹாஸ்டல் நாப்கினைத் தனியா, சுத்திக் குடுக்க உறையோட, தனித் தொட்டில எடுக்கணும், பாத்ரூமுக்குள்ள வெக்கற சின்ன எரிப்பான்ல புகைதான் மிச்சம், அதுல இருக்கிற பாலிமர் ஒழுங்கா எரிய வேணுங்கற சூடு அதுக்கு வராது. லேப் கெமிக்கல், ஹெல்த் சென்டர் ஊசி ரெண்டுக்கும் தனி விதி, தனி வண்டி, உங்க தார்ப்பாய்ல அது வரவே கூடாது, வந்தா அன்னிக்கே சொல்லிடுங்க.

தொட்டிக்கு மூடி முக்கியம்னு சொன்னா சிரிப்பாங்க. சென்னை ஐஐடி வளாகம் கிண்டிக் காட்டுல இருந்து பிரிச்ச இடம், புள்ளிமானும் வெளிமானும் உள்ள திரியுது, செத்த மான் வயித்துல பிளாஸ்டிக் எடுத்த செய்தி எத்தனை தடவை வந்திருக்கு. சாப்பாட்டு வாசம் ஒட்டின கவரை மான் முழுங்கும், அசை போடற பிராணிக்கு அது இரைப்பையிலயே தங்கிடும். குரங்கு வேற தொட்டியைத் திறந்து இறைச்சு வைக்கும், குரங்கு இறைச்சதை மான் தின்னும். உங்க வளாகத்துல மான் இல்லைனா மாடு, நாய் இருக்கும். மெஸ் பார்சல் கவர்ல இருந்து சோத்தைத் தனியா கொட்டிட்டு கவரைத் தனியா போடறதுதான் இதுல ரொம்ப முக்கியமான ஒரு பழக்கம்.

சட்டம் பத்தி ரிப்போர்ட்ல ஒரு பத்தி போதும். 2016 திடக்கழிவு மேலாண்மை விதிப்படியே ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல குப்பை வர்ற இடம் மொத்தக் கழிவு உற்பத்தியாளர், 4000 பேர் வளாகம் அதைச் சுலபமா தாண்டும், மக்கற குப்பையை முடிஞ்ச வரைக்கும் உள்ளயே முடிக்கணும். 2026 ஏப்ரல்ல இருந்து நடைமுறைக்கு வர்ற புது விதி நாலா பிரிக்கச் சொல்லுது: ஈரக் குப்பை, உலர் குப்பை, சானிட்டரி, தனிக் கவனம் வேண்டிய குப்பை. நீங்க வகை பிரிக்கும்போதே இந்த நாலுக்குள்ள உங்க பத்துப் பன்னெண்டு வகையும் அடங்கற மாதிரி வெச்சுக்கோங்க, அப்புறம் திரும்பக் கணக்குப் போடவேண்டாம்.

நீங்க ஒரு மாசம்னு சொன்னதால இப்படிப் பண்ணலாம். முதல் வாரம் எடை வேண்டாம், பெருக்கறவங்க கூடவே காலைல சுத்துங்க, எந்த வண்டி எங்க போகுது, யார் எதை எடுக்கறாங்கனு வரைபடம் போடுங்க, அப்படியே டிபார்ட்மெண்ட்களையும் சுத்திப் பூட்டின ரூம் லிஸ்ட்டை முடிச்சுடுங்க. ரெண்டாவது வாரம் எல்லா இடத்துலயும் ஏழு நாள் தார்ப்பாய். மூணாவது வாரம் மெஸ்ல மட்டும், கரண்டியை மாத்தி எடை. நாலாவது வாரம் எழுதுங்க, எழுதும்போது ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்துலயும் அதைக் குறைக்க யார் கையெழுத்து வேணும்னு போடுங்க, வார்டனா, கேன்டீன் கமிட்டியா, பர்ச்சேஸா, எஸ்டேட் ஆபீஸா. மிஷின் கொட்டேஷன் கேட்டா கடைசிப் பக்கத்துல வைங்க.